எந்த மண்ணுக்கு எந்தச் செம்பருத்தி?

“செம்பருத்தி எங்கே வைத்தாலும் வரும்” என்று சொல்லி நர்சரியில் விற்பதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. எந்தச் செம்பருத்தி? எந்த ஊரில்?

நான் இருப்பது நாகப்பட்டினம். கடலோரத் தெரு, கிணற்று நீர் உப்புக் கரிக்கும். உள்ளங்கை அகல மஞ்சள் பூவுக்கும் இருநிறப் பூவுக்கும் ஆசைப்பட்டு ஒட்டுச்செடி வாங்கியவர்கள் எங்கள் தெருவில் பலர். கோடையில் மொட்டு மலராமலே உதிர்கிறது, இலையோரம் கருகுகிறது, மாவுப்பூச்சி அப்பிக்கொள்கிறது. கடைசியில் மேலே ஒட்டியது பட்டுப்போய், அடிச்செடி துளிர்த்துச் சிவப்பாகப் பூக்கிறது. அது பெரும்பாலும் நம் வேலியோரத்து ஐந்திதழ்ச் செம்பருத்திதான். பிள்ளையாருக்குப் பறிப்பதும், இலையை அரைத்துத் தலைக்குத் தேய்ப்பதும் அதைத்தான்.

கடற்கரைக்கென்றே இந்தக் குடும்பத்தில் ஒரு மரம் உண்டு: நீர்ப்பருத்தி. பூவரசு போன்ற இலை. காலையில் மஞ்சளாக விரியும் பூ மாலைக்குள் சிவந்து உதிரும். விதை கடல்நீரில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும். உப்பங்கழி ஓரத்திலும் வேர் பிடிக்கும். பட்டை நாரில் கயிறு திரிக்கலாம்; பசிபிக் தீவுகளில் காலங்காலமாகத் திரிக்கிறார்கள். உப்புக்கு அஞ்சாத இந்த மரம் இருக்க, கடற்கரைப் பூங்காவில் ஒட்டுச்செடியை வைத்து லாரித் தண்ணீர் ஊற்றுவது வீண் செலவு.

நாம் கடைந்து சாப்பிடும் புளிச்சக்கீரையும் செம்பருத்தி இனமே. வெயில் காயும் நிலத்தில் தழைக்கும். தென் கொரியாவின் தேசிய மலரான செம்பருத்தியோ பனியைத் தாங்கும். அதற்கு நம் கடற்கரையில் வேலையில்லை.

இதில் ஹவாயின் கதைதான் என்னை மிகவும் வருத்துகிறது. அந்த மாநிலம் 1988இல் தன் மலராக அறிவித்தது, தீவுகளின் வறண்ட காடுகளுக்கே உரிய மஞ்சள் செம்பருத்தியை. ஆனால் அங்கே தோட்டமெங்கும் பூப்பது வெளியிலிருந்து வந்த செம்பருத்தியும் கலப்பினங்களும்தான். காடு சுருங்கியது, மனிதர் கொண்டுவந்த ஆடுமாடுகள் மிச்சத்தை மேய்ந்தன. 1994இல் அந்த மஞ்சள் செம்பருத்தி அழியும் நிலையிலுள்ள தாவரப் பட்டியலில் சேர்ந்தது. சொந்தப் பூவைத் தேடிக் காண வேண்டிய நிலை நமக்கு வரக்கூடாது.

நர்சரிக்காரர்கள் ஒவ்வொரு செடியிலும் அதன் இனம், ஏற்ற மண், உப்பைத் தாங்குமா என்ற விவரங்களை எழுதித் தொங்கவிட வேண்டும். கடலோர நகராட்சிகள் நீர்ப்பருத்தி நடட்டும். நீங்கள் ஐப்பசி மழை தொடங்கியதும் பக்கத்து வீட்டுச் செம்பருத்தியில் பென்சில் கனத்தில் ஒரு போத்து கேட்டு வாங்கி நடுங்கள்.