பஞ்சத்திற்கென்று இட்ட பாதை



கோவையிலிருந்து சென்னை செல்லும் இருப்புப்பாதையில், சேலத்தைக் கடந்தபின் வரும் சிறிய நிலையம் மொரப்பூர். ஒரு காலத்தில் இங்கிருந்து தருமபுரிக்கும், அதற்கப்பால் ஓசூருக்கும் குறுகிய பாதை இரயில் ஓடியது என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார்.

அதன் பிறப்பிற்குக் காரணம் பசி. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் சொல்லொணாத் துயருற்றது. இரயில் நிலையங்கள் வரை தானியம் வந்து சேர்ந்தது. ஆயினும், தீவனமும் நீருமின்றி வண்டி மாடுகள் மடிந்தமையால், உள்ளூர்களுக்கு அதனைக் கொண்டுசெல்ல வழியில்லை. நெல் ஓரிடத்தில், பசித்த வயிறு வேறிடத்தில்! இதனை ஆராய்ந்த 1880ஆம் ஆண்டின் பஞ்ச விசாரணைக் குழு, வறண்ட பகுதிகளுக்குக் காப்பு இரயில்பாதைகள் தேவை என வற்புறுத்தியது. அக்கருத்தின் வழியே 1905இல் திருப்பத்தூர் – கிருஷ்ணகிரிப் பாதையும், 1906இல் மொரப்பூர் – தருமபுரிப் பாதையும் திறக்கப்பட்டன. தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டரை அடி அகலமே கொண்ட எளிய பாதைகள் இவை.

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1941இல் இரு பாதைகளும் மூடப்பட்டன. போர்த் தேவைக்கெனத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பின்னாளில் சேலம் – பெங்களூர்ப் பாதையால் தருமபுரியும் ஓசூரும் மீண்டும் இரயிலைக் கண்டன. கிருஷ்ணகிரியோ மாவட்டத் தலைநகராகியும் இன்றுவரை இரயிலின்றியே இருக்கின்றது. மொரப்பூர் – தருமபுரி இணைப்பிற்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எனினும் நிலம் கையகப்படுத்துவதிலேயே ஆண்டுகள் பல கழிந்தன. பெயர்த்தெடுப்பது எளிது, மீண்டும் பெறுவது அரிது.

காப்பிற்கென்று அமைந்தவை நல்ல ஆண்டுகளில் வீண்செலவாகவே தோன்றும். அவற்றின் பயன் கெட்ட ஆண்டில்தான் விளங்கும். ஆதலால், வரவு செலவுக் கணக்கை மட்டும் கொண்டு அவற்றை எடைபோடுதல் தகாது.

நம் கொங்கு நாட்டின் குளங்களையும் குட்டைகளையும் வாய்க்கால்களையும் எண்ணிப் பாருங்கள். பத்தாண்டு நீர் வராத வாய்க்காலை மூடி மனையாக்க எண்ணுவோர் உளர். பதினோராம் ஆண்டில் மழை பொழியுமாயின், அந்நீர் எவ்வழி செல்லும்? பொழியாவிடில், குளமிழந்த ஊரின் கிணறுகள் எதனால் ஊறும்? நம் ஊரில் இன்று பயனற்றுக் கிடப்பதாகத் தோன்றும் பொதுச்சொத்து எதுவாயினும், அதனைக் கைவிடுமுன், அது எந்த நாளுக்கென்று அமைக்கப்பட்டது என முதியோரிடம் கேட்டறிவோமாக.