வதந்திக்கு முந்திக் கொள்ளுங்கள்!

வாசகர்களே, உங்களில் யாராவது ஆபீஸிலோ ஆலையிலோ நாலு பேருக்கு மேலதிகாரியாக இருக்கிறீர்களா? இந்த வாரம் உங்களோடுதான் பேச்சு.

புது இயந்திரம் வரப் போகிறது. அல்லது ஆபீஸ் வேறு ஊருக்குப் போகப் போகிறது. "எல்லாம் முடிவாகட்டும், பிறகு சிப்பந்திகளுக்குச் சொல்லிக் கொள்ளலாம்" என்று சும்மா இருக்கிறீர்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் நீங்கள் அறைக் கதவைச் சாத்துவதற்குள் சேதி டீக்கடைக்குப் போய்விடுகிறது. காலையில் பத்துப் பேருக்கு வேலை போகும் என்றிருந்தது, மாலையில் நூறு பேராகிவிடுகிறது!

அந்தக் காலத்துத் தஞ்சை ஜில்லாவில் நடந்ததைக் கேளுங்கள். நாகப்பட்டினத்தில் தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை இருந்தது. அதையும் போத்தனூர்ப் பட்டறையையும் திருச்சியை அடுத்த பொன்மலையில் ஒன்று சேர்ப்பதென்று கம்பெனி தீர்மானித்தது. கூடவே மூவாயிரம் பேருக்கு மேல் ஆட்குறைப்பு. யார் தங்குவது, யார் போவது என்று முடிவு செய்ய ஒரு தொழில் பரீட்சை! தொழிலாளர்கள் மறுத்தார்கள். 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. சிங்காரவேலர் முதலிய தலைவர்கள் சிறை புகுந்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, பட்டறை பொன்மலைக்குப் போயிற்று.

ஆட்குறைப்பை எப்படிச் சொன்னாலும் கசப்புத்தான். நயமாகச் சொல்வதால் வயிறு நிறையாது. ஆனால் இருப்போமா, போவோமா என்றே தெரியாத தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பான்? பெண்ணின் கல்யாணத்துக்கு எந்தத் தைரியத்தில் நாள் பார்ப்பான்?

இதற்கு மருந்து நம் வாய்க்கால் கரையிலேயே இருக்கிறது. காவிரியில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுகிறார்கள். இன்ன நாளில் நம் முறை என்று தெரிந்தால் கடைமடை விவசாயி பல்லைக் கடித்துக் கொண்டு காத்திருப்பார். தெரியாவிட்டால், மண்வெட்டியை எடுத்துக் கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக மதகுக்குக் கிளம்பிவிடுவார்! தண்ணீர்ப் பஞ்சம் என்னவோ ஒன்றேதான்.

ஆகவே, உங்கள் வாயாலேயே முதலில் சொல்லுங்கள். நோட்டீஸை ஒட்டிவிட்டு ஓடாதீர்கள். மேஸ்திரிக்கும் தலைமைக் குமாஸ்தாவுக்கும் விஷயம் முன்னதாகத் தெரியட்டும். ஆட்கள் முதலில் அவர்களைத்தான் கேட்பார்கள். முடிவாகாததை "முடிவாகவில்லை" என்றே சொல்லி, எப்போது தெரியும் என்று ஒரு தேதி கொடுங்கள். அந்தத் தேதியில் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும், வந்து நின்று அதையாவது சொல்லுங்கள். கேள்வி கேட்பவரை விரோதியாகப் பார்க்காதீர்கள்.

1956-இல் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்ந்த 9-ஏ பிரிவு, சம்பளம், வேலை நேரம் போன்றவற்றை மாற்றுமுன் 21 நாள் முன்னறிவிப்புக் கேட்டது. சட்டம் கேட்பது குறைந்தபட்சம். மனிதத்தன்மை இன்னும் கொஞ்சம் கேட்கும்.

நம் பக்கத்தில் நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் முதல் நாளே வீடு தேடிப் போய் ஆள் சொல்லி வருகிறோம். 'வேலைக்கு வா' என்று சொல்லவே ஒரு நாள் முன்னால் போகிறவர்கள், 'வேலை இல்லை' என்று சொல்ல எத்தனை நாள் முன்னால் போக வேண்டும்?