ஆளில்லாக் காடு யாருடைய காடு?

1888இல் வாஷிங்டனில் தொடங்கப்பட்ட நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ், 2018 ஏப்ரலில் ஓர் அரிய காரியத்தைச் செய்தது. பல பத்தாண்டுகளாகத் தன் எழுத்தும் படங்களும் இனவாதம் கொண்டவையாக இருந்தன என்று ஒப்புக்கொண்டது. வரலாற்றாசிரியர் ஜான் எட்வின் மேசனிடம் பழைய இதழ்களைக் கொடுத்து ஆராயச் சொன்னது. 1970கள் வரை அமெரிக்காவின் வெள்ளையரல்லாத மக்களைக் கூலிகளாகவும் வீட்டு வேலைக்காரர்களாகவும் தவிர இதழ் கண்டுகொள்ளவில்லை, பிற நாட்டுப் பூர்வகுடிகளை வேடிக்கைப் பொருளாக்கியது என்றார் அவர். அப்போதைய ஆசிரியர் சூசன் கோல்ட்பர்க் அதை மறைக்காமல் அச்சிட்டார். பாராட்டுவோம்.

ஆனால் அந்தச் சுயவிமர்சனம் மனிதர்கள் இருக்கும் படங்களைப் பற்றியது. மனிதர்களே இல்லாத படங்களை யார் விசாரிப்பது?

பனிமலை, புல்வெளி, தனித்து நிற்கும் புலி. உலகெங்கும் இயற்கை என்றாலே நினைவுக்கு வரும் இந்தக் காட்சியைப் பழக்கியதில் இவ்விதழுக்குப் பெரிய பங்குண்டு. இந்த வெறுமை தானாக உருவானதல்ல. 1872இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்தபின், அங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டார்கள். ஆட்களை அகற்றிவிட்டு, 'மனிதக் காலடி படாத நிலம்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கண்ணாடியை இந்தியாவில் விரும்பி அணிந்துகொண்டவர்கள் யார்? காட்டில் விறகு பொறுக்காத, தேன் எடுக்காத, நகரத்து ஆதிக்கசாதிக் காட்டுயிர் ஆர்வலர்கள்தான். வன உரிமைச் சட்டத்தை எதிர்த்துக் காட்டுயிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில், 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றும் நிலையை உருவாக்கியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே, பிப்ரவரி 28 அன்று அது நிறுத்திவைக்கப்பட்டது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசுவாமி மலையிலோ, 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர்களின் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது. ஆக, புலிக்கும் பழங்குடிக்கும் ஒரே காட்டில் இடமுண்டு. கேமராவின் சட்டகத்தில்தான் இல்லை.

இன்னொரு சிக்கல், 'மனிதகுலம்' என்ற சொல். 2018 ஜூன் இதழின் அட்டையில் பிளாஸ்டிக் பை ஒன்று கடலில் பனிப்பாறை போல மிதந்தது. மறக்க முடியாத படம். ஆனால் அந்தப் பையை வீசியவர் யார், நம் ஊர்க் குப்பைமேட்டில் வெறுங்கையால் அதைப் பொறுக்குகிறவர் யார்? 'மனிதகுலம் பூமியை அழிக்கிறது' என்ற ஒற்றை வாக்கியத்தில் இருவரும் சமக் குற்றவாளிகள் ஆகிவிடுகிறார்கள்.

இவ்விதழ் சாதியை அறியாததல்ல. 2003 ஜூனில் இந்தியாவின் தீண்டாமை பற்றி நீண்ட கட்டுரையே வெளியிட்டது. ஆனால் சாதி 'சமூகம்' என்ற அலமாரியிலும் ஆறும் குளமும் 'சுற்றுச்சூழல்' என்ற அலமாரியிலும் இருக்கும்வரை பாதி உண்மைதான் கிடைக்கும்.

1927 மார்ச்சில் மகாத் சவதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தினார். கால்நடைகள் குடிக்கலாம், தலித்துகள் தொடக் கூடாது என்றிருந்த குளம் அது. பிறகு ஆதிக்கசாதியினர் பசுஞ்சாணமும் கோமியமும் கலந்து குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நீர் மாசு என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எந்தச் சூழலியல் பாடநூலில் இருக்கிறது? 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. அதைச் சாதிச் செய்தியாக மட்டும் படித்தோம். சுற்றுச்சூழல் செய்தியாக எத்தனை பேர் எழுதினோம்?

ஒரு அமெரிக்க இதழைக் குறை சொல்வது எளிது. தமிழில் நாம் எழுதும் சூழலியலும் பறவை, நீர்நிலை, மரம் என்று பேசுகிறது. குளத்தின் எந்தப் படித்துறை யாருக்கு மறுக்கப்பட்டது, குப்பைக்கிடங்கு ஏன் எப்போதும் சேரிக்குப் பக்கத்தில் வருகிறது என்று கேட்பதில்லை. அழகான இயற்கைப் படத்தைப் பகிரும் முன் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார்?