தேனிலவும் லயத்து அறையும்

அச்சன்புதூரில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை கல்யாணம் முடிந்த ஜோடி 'வெளியே போய்வருவது' என்றால் அது குற்றாலம்தான். சாரல் காலமாக இருந்தால் ஐந்தருவியும் பழைய குற்றாலமும், இல்லாவிட்டால் கோயிலும் சித்திரசபையும். வசதிப்பட்டவர்கள் கொடைக்கானல்வரை போவார்கள். தேனிலவு என்ற சொல்லைப் பெரியவர்கள் முன்னால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்கள், சொல்லிவிட்டு இலங்கைக்குப் போகிறார்கள். மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் ஏறுகிறார்கள். கொழும்பில் காரும் ஓட்டுநரும் காத்திருக்கிறார்கள். தம்புள்ளை, சிகிரியா, மாத்தளை, கண்டி, நுவரெலியா, எல்ல என்று ஆறு நாளில் தீவின் நடுப்பகுதியைச் சுற்றிவிட்டு, கடைசி இரவைப் பெந்தோட்டைக் கடற்கரையில் கழித்துத் திரும்புகிறார்கள். போய்வரட்டும், மகிழ்ச்சியாக இருக்கட்டும். போய்வந்தவர்களோடு நமக்கு வழக்கில்லை. போய்வந்ததை இலக்கியம் என்ற பெயரில் எழுதுகிறார்களே, அந்த எழுத்தோடுதான் வழக்கு.

அத்தகைய கட்டுரை ஒன்றை வாசித்தவருக்கு மற்றவற்றை வாசிக்க வேண்டிய அவசியமே இல்லை. மலை பச்சைக் கம்பளம் விரிக்கும். மேகம் ஜன்னல்வரை வந்து நலம் விசாரிக்கும். கூடை சுமந்த பெண்கள் வெள்ளந்தியாகச் சிரித்துக் கையசைப்பார்கள். செங்கோட்டை மலைப்பாதையில், 1904இலேயே ரயில் ஓடத் தொடங்கிய பதின்மூன்று கண் பாலத்தின் அடியில் ஒருமுறைகூட நின்று அண்ணாந்து பார்க்காதவர், எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி இரண்டு பக்கம் உருகுவார். தேயிலைத் தொழிற்சாலையில் குடித்த தேநீரின் மணத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குவார். ஆனால் கூடை சுமந்த அந்தப் பெண்ணுக்குக் கட்டுரையில் பெயர் இருக்காது, வயது இருக்காது, வீடு இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கு மொழி இருக்காது. அவள் பேசுவது தமிழ் என்பதை இந்தத் தமிழ் எழுத்தாளர்கள் எப்படித்தான் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பது நமக்குப் புரியாத மர்மம். கையசைக்காமல் அவள் வாய் திறந்து, 'எந்த ஊர்?' என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? தென்காசிப் பக்கம் என்றா? அவளுடைய பூட்டனின் ஊரும் திருநெல்வேலிச் சீமையில்தான் இருந்திருக்கலாம்.

சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். 1820களில் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்தே தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காப்பியைப் பூஞ்சை நோய் அழித்த பிறகு தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தோட்டமே வணிகத் தேயிலைக்கு முதல் விதை. பயிர் மாறியது, சுமந்தவர்கள் மாறவில்லை. தொடக்கக் காலத்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். காலராவிலும் அம்மையிலும் பசியிலும் செத்தவர்கள் அந்த வழியோரங்களிலேயே விடப்பட்டார்கள். இன்று தம்புள்ளையிலிருந்து கண்டிக்குக் குளிரூட்டிய காரில் இறங்கும் தேனிலவுத் தம்பதி, மாத்தளையில் வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் ஏலக்காய் வாங்குகிறார்கள், முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மன் கடல் தாண்டி அங்கே எதற்கு வந்தாள், யாரோடு வந்தாள் என்று ஒரு வரி? இல்லை. 2023இல், மலையகத் தமிழர் வந்த இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் அந்தப் பழைய வழியை மீண்டும் நடந்தே கடந்தார்கள். தீவின் குறுக்கே ஒரு சாலைப் பயணத்தை எழுதுவதென்றால், முதலில் எழுதப்பட வேண்டிய சாலைப் பயணம் அது.

தமிழ் இலக்கியத்துக்கு இது தெரியாத செய்தியா என்றால், அதுவும் இல்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் மணிக்கொடியில் வந்தது. திருநெல்வேலி ஜில்லாவின் வாசவன்பட்டியிலிருந்து மருதி என்ற இளம் மனைவி, கணவன் சிறைக்குப் போன நிலையில், தன் தாயோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே உழைப்போடு அவள் உடலும் தோட்டத்தின் சொத்தாகிவிடுகிறது. அதற்கும் முன்பே பாரதி, தான் கண்ணால் பார்த்திராத பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடினான். பாரதி நம் பக்கத்துக் கடையத்தின் மருமகன். போகாமலே பார்த்தவன் அவன். போயும் பார்க்காதவர்கள் நாம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிட்ட ஒரு மொழியில், இன்று தேயிலை மலை வெறும் பச்சை நிறமாகச் சுருங்கிப்போனது எவ்வளவு பெரிய சரிவு!

இனி தேனிலவுக்கு வருவோம். தேனிலவின் சாரம் என்ன? நிலவும் அல்ல, மலையும் அல்ல. இருவருக்கு மட்டுமான ஓர் அறை, தாழிட ஒரு கதவு, எழுப்ப யாரும் வராத ஒரு காலை. கூட்டுக்குடும்பத்து வீட்டில் பெரியவர்கள் இருமும் சத்தத்துக்கு நடுவே கிடைக்காத மறைவைத் தேடித்தானே நம் பிள்ளைகள் கடல் தாண்டுகிறார்கள்? அந்த மறைவுதான் அதே மலையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குப் பல தலைமுறைகளாகக் கிடைக்காத ஒன்று. வரிசையாகக் கட்டப்பட்ட லயங்களில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. தாய் தந்தை, தம்பி தங்கை, கல்யாணமாகி வந்த மருமகள் எல்லோருக்கும் அதுவே. நடுவே கட்டிய பழஞ்சேலைதான் சுவர். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு ஓட வேண்டும். ஒற்றையறை லயத்தில் கணவன் மனைவிக்கு மறைவு என்பதே இல்லாத கொடுமையைத் தெளிவத்தை ஜோசப் 'மீன்கள்' என்ற சிறுகதையில் எழுதியிருக்கிறார். அதை வாசித்துவிட்டு நுவரெலியாவில் தேனிலவு அறைக்குப் பதிவுசெய்கிறவர் கொஞ்சமாவது தயங்குவார். அதிலும் துரைமார் பங்களாக்கள் பல இன்று சொகுசு விடுதிகளாகிவிட்டன. துரையின் கட்டிலில் நம் பிள்ளை படுத்துக்கொண்டு, துரையின் ஜன்னல் வழியாகவே லயத்தைப் பார்க்கிறான். கட்டுரையிலும் அதே பார்வைதான் இருக்கிறது. எவ்வளவு பொருத்தம்!

கண்டியிலிருந்து எல்லவுக்குப் போகும் ரயிலைப் பற்றி எழுதாத கட்டுரை இல்லை. வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து எடுத்த படமும் கட்டாயம் உண்டு. அதே தண்டவாளத்துக்கு வேறொரு நினைவும் இருக்கிறது. சுதந்திரம் பெற்ற அதே 1948இல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, மலையகத் தமிழர் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யார் எந்த நாட்டவர் என்று காகிதம் முடிவு செய்தபோது குடும்பங்கள் பிளந்தன. அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு இன்னொரு நாடு. மலைநாட்டு ரயில் நிலையங்களில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத் தலைமன்னாருக்கு வண்டி ஏறினார்கள். அங்கிருந்து கப்பல், பிறகு மண்டபம் முகாம். நாம் படம் எடுத்துக்கொள்ளும் நடைமேடைகள் அவை.

அருவிகளைப் பற்றிக் குற்றாலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரருவியில் வெள்ளம் பாய்ந்தால் அபாயச் சங்கு ஊதும். குளிக்கத் தடை விதிப்பார்கள். தண்ணீர் அழகும் ஆபத்துமாக ஒரே நேரத்தில் விழும் என்பது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். ஆனால் 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவியைப் பற்றி எழுதுகிறவர்கள், அதற்குப் பக்கத்து ஊரான கொஸ்லாந்தையின் பெயரைச் சொல்வதில்லை. அங்கே மீரியபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடமென்று முன்பே எச்சரிக்கை இருந்தது. மாற்று இடம்தான் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோதும் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. சொந்தக் காணி இல்லாதவர், தோட்டம் காட்டிய சரிவில் குடியிருக்கிறார். சரிவு எப்போது சரியும் என்பது வானத்தின் கையில். அந்தச் சரிவைத்தான் நாம் பச்சைக் கம்பளம் என்கிறோம்.

நமக்கு வரக்கூடிய மறுப்புகள் தெரிந்தவைதான். 'புதுமணத் தம்பதியின் ஆறு நாள் மகிழ்ச்சியில் ஏன் இருநூறு வருடத் துயரத்தைக் கொட்டுகிறீர்கள்?' கொட்டவில்லை. மகிழ்ச்சியாக இருப்பவர் எழுதாமல் இருக்கலாம். எழுத உட்கார்ந்த கணத்தில் அவர் சுற்றுலாப் பயணி அல்ல, எழுத்தாளர். கண்முன் இருந்ததை ஏன் விட்டீர்கள் என்று அவரைக் கேட்கும் உரிமை வாசகருக்கு உண்டு. 'இலக்கியம் துண்டுப்பிரசுரம் அல்லவே?' அல்லதான். ஆனால் விளம்பரக் கையேடும் அல்லவே! 'சுற்றுலாப் பணத்தால் அந்த நாட்டுக்கு நன்மைதானே?' 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்தப் பணம் தேவைதான். அது கொழுந்து பறிப்பவரிடம் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதே கேள்வி. நாள் கூலி ஆயிரம் ரூபாய் வேண்டுமென்ற கோரிக்கை 2015இலிருந்தே ஓங்கி ஒலித்தது; 2021இல்தான் சட்டப்படி கிடைத்தது. அன்றைய மதிப்பில் இந்தியப் பணத்தில் நானூறு ரூபாய்கூட இல்லை. விடுதியில் ஒரு மாலைத் தேநீர் விருந்துக்கு நம் தம்பதிகள் என்ன கொடுத்தார்கள் என்பதை அவர்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வரும்: '2009க்குப் பிறகு எந்தத் தமிழன் அந்தத் தீவில் கால்வைப்பான்?' இந்த வீரத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. முள்ளிவாய்க்காலின் துயரத்தை மறுக்க நமக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் மேடைகளில் ஈழம் பேசுவோரின் வரைபடத்தில் வடக்கும் கிழக்கும் மட்டுமே இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போய், தமிழ்நாட்டுக்கே லட்சக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்த வரைபடத்திலும் இல்லை. ஒருவர் மலையகத்தைக் காட்சியாகப் பார்க்கிறார், மற்றவர் பார்க்கவே மறுக்கிறார். இருவரிடமும் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை.

இந்தக் குருட்டுத்தனம் கடல் தாண்டினால்தான் வருகிறது என்றும் சொல்ல முடியாது. மாஞ்சோலை நமக்கு எத்தனை தூரம்? சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை. 2028இல் குத்தகை முடிகிறது. 1999 ஜூலை 23 அன்று அந்தத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணிக்குள் ஓடியதில் பதினேழு பேர் உயிர் போனது. 2024இல் தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். ஆனால் மாஞ்சோலையைப் பற்றி நாம் அதிகம் வாசித்தது என்ன? பனி, குளிர், ஒருநாள் சுற்றுலா. வீட்டுக்கருகில் பழகிய பார்வையைத்தான் பெட்டியில் மடித்து வைத்து எல்லவுக்கும் கொண்டுபோகிறோம்.

யாரும் போகக் கூடாது என்பது நம் கட்சி அல்ல. அடுத்த ஆவணியிலும் அச்சன்புதூரிலிருந்து ஜோடிகள் போவார்கள்; போக வேண்டும். கிளம்புமுன் 'துன்பக்கேணி'யை இருவரும் சேர்ந்து வாசிக்கட்டும். ஒரு மாலை போதும். தேயிலைச் சரிவில் காரை நிறுத்தினால் படம் எடுப்பதற்கு முன் தமிழில் நாலு வார்த்தை பேசட்டும். அங்குள்ள தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர் வேறொன்று. அந்த இரண்டாவது பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். பிறகு பயணக் கட்டுரை எழுதட்டும். அப்படி ஒன்று வந்தால் நாம்தான் அதை முதலில் வாசிப்போம்.