ஜார்ஜ் டவுனில் நடக்க வழி வேண்டும்

சென்னைப் பாரிமுனைக்கு வடக்கே முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை என்னும் இரு பழைய பேட்டைகளைச் சேர்த்து ஜார்ஜ் டவுன் என்று வழங்கப்படும் வணிக நகரம், நடந்து மட்டுமே அறியத்தக்கது. ஆயினும் அங்கே நடப்பவருக்கென ஓரடி இடமும் உறுதியாக ஒதுக்கப்படவில்லை என்பது மாநகராட்சியும் அரசும் உடனே திருத்த வேண்டிய குறையாகும்.

1746 முதல் 1749 வரை பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சென்னையை மீட்ட ஆங்கிலேயர், புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டியிருந்த பழைய ஊர் இனியொரு முற்றுகையில் பகைவருக்கு மறைவிடமாகிவிடும் என அஞ்சி அதை அகற்றி வெட்டவெளியாக்கினர். அந்நிலத்தில்தான் 1892இல் உயர் நீதிமன்றம் எழுந்தது. வெளியின் எல்லையைக் குறிக்க 1773இல் நடப்பட்ட தூண்களுள் ஒன்று பாரி நிறுவனக் கட்டடத்தின் அடியில் இன்றும் நிற்கிறது. அதைக் கண்ட பயணி ஆர்மீனியன் தெருவில் நுழைந்தால் 1772இல் எழுப்பப்பட்ட ஆர்மீனியர் தேவாலயத்தையும், சற்றுத் தள்ளித் தம்புச் செட்டித் தெருவில் பாரதியார் வழிபட்ட காளிகாம்பாள் கோயிலையும், மேற்கே சென்றால் வள்ளலார் பாடிய கந்தகோட்டத்தையும் காண இயலும். இவற்றுக்கிடையே துணி வணிகம் நடக்கும் கோடவுன் தெருவும் காகிதக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவும் உயிரோடு இயங்குவதுதான் இப்பகுதியின் தனிச்சிறப்பு. வணிகம் நீங்கிவிட்டால் எஞ்சுவது வெறும் கட்டடங்களே.

மண்ணடியிலும் உயர் நீதிமன்றத்திலும் மெட்ரோ நிலையங்கள் 2019இல் திறக்கப்பட்டதால் இங்கு வந்து சேர்வது எளிதாகிவிட்டது. நிலையத்தை விட்டு வெளியேறியவுடன் தொடங்குகிறது இடர். நடைபாதை உள்ள இடங்களில் இருசக்கர வாகனங்கள் நிற்கின்றன. இல்லாத இடங்களில் சரக்கு வண்டிக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவே முதியவரும் குழந்தையும் ஒதுங்கி ஒதுங்கிச் செல்ல வேண்டியுள்ளது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியாளருக்கும் செலவிட வேண்டும் என்னும் கொள்கையை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டது. அக்கொள்கை முதலில் நிறைவேறியிருக்க வேண்டிய இடம் ஜார்ஜ் டவுனே ஆகும்.

தெருக்கள் குறுகலானவை, வணிகம் முடங்கிவிடும் என்னும் மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் தெருவை அடைத்துக்கொள்வது வாங்க வருபவரின் கால்கள் அல்ல, பகல் முழுவதும் நிறுத்தி வைக்கப்படும் வாகனங்களே. சரக்கு ஏற்றி இறக்குவதை இரவுக்கும் விடியலுக்கும் மாற்றி, சுமை தூக்கும் தொழிலாளரின் கூலியும் ஓய்வும் அதனால் குறையாதபடி அவர்களுடன் பேசி முடிவெடுத்து, தெருவோர நிறுத்தத்தைத் தடைசெய்தால் இருபுறமும் நடைபாதைக்கு இடம் கிடைக்கும்.

பயணிகளுக்காக அழகூட்டுகிறோம் என்று நடைபாதை வணிகரை விரட்டுவது நடக்க வழியின்மையைவிடப் பெரிய தீங்காகும். தெரு வணிகரைப் பாதுகாக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம், கணக்கெடுப்பு முடியும் வரை எவரையும் அகற்றக் கூடாது என்கிறது. அவர்களுக்கும் இடமளிக்கும் விற்பனைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. ஆர்மீனியன் தெருவிலும் தம்புச் செட்டித் தெருவிலும் அக்குழுவின் ஒப்புதலோடு அடுத்த மழைக்காலத்துக்குள் நடைபாதைப் பணியைத் தொடங்குவதற்கான நிதியை மாநகராட்சி தன் வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் ஒதுக்க வேண்டும்.