எங்க நாய் கடிக்காதுங்க

தருமபுரி மாவட்டத்தில் நான் அதிகம் கேட்ட பொய் இதுதான்: "எங்க நாய் கடிக்காதுங்க." சொல்பவர் அதைப் பொய் என்று நினைத்துச் சொல்வதில்லை. அவரை அது கடித்ததில்லை, அவர் பிள்ளைகளைக் கடித்ததில்லை. ஆகவே உலகத்தில் யாரையுமே கடிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார். நாங்கள் எழுதிய புரோகிராம் வாடிக்கையாளரிடம் போய்ப் படுத்துவிட்டால் எழுதியவன் சொல்லும் முதல் வாக்கியமும் இதே ரகம்தான்: "என் மெஷின்ல ஓடுதே!" உன் மெஷினைப் பற்றி எவன் கேட்டான்?

எங்கள் பக்கத்து நிலவரத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் எங்கே போனாலும் ஊரை விட்டுத் தள்ளி, கொல்லைக்கு நடுவே கொட்டாய் போட்டுக் குடியிருப்பவர்கள் ஏராளம். ஊர்ப் பெயரிலேயே கொட்டாய் ஒட்டிக்கொண்டிருக்கும். தனிக் கொட்டாய்க்கு நாய் வேண்டும். ஆட்டுக்கு, மோட்டார் ஒயருக்கு, மாங்காய்க்கு, காட்டோரம் என்றால் பன்றிக்கும் அதுதான் காவல். இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கொட்டாயைச் சுற்றி வேலி கிடையாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் ஒற்றையடிப் பாதை நாலு பேர் கொல்லை வழியாகப் போகிறது, நாலு கொல்லைக்கும் நாலு நாய். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர், மீட்டர் ரீடிங் எடுக்க வருபவர், குழுக்கடன் தவணை கேட்டு வரும் பெண் எல்லோரும் கையில் கல்லோ குச்சியோ வைத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். நாய் துரத்தும்போது இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு பைக் ஓட்டத் தெரியாதவனுக்கு இங்கே லைசென்ஸ் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை.

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 22ஆம் தேதி அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறிநோயும் மூர்க்கமும் உள்ளவை மட்டும் விலக்கு. அந்தப் பன்னிரண்டு நாளும் தமிழ்நாட்டில் ஆளாளுக்கு நாய் அரசியல் பேசினோம். நாய் நேசர்கள் ஒரு பக்கம், கடிபட்டவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. சோறு ஒரு வீட்டிலும் படுக்கை நடுரோட்டிலுமாக இருக்கும் நாய், வீட்டு நாயா தெரு நாயா? எங்கள் ஊரில் இதற்குப் பதில் சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. திருடனைப் பார்த்துக் குரைத்தால் "எங்க நாய்". பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கெண்டைக்காலைக் கவ்வினால் "அது ரோட்டு நாய்ங்க, சும்மா வந்து நிக்கும்". அதையே யாராவது கட்டையால் அடித்துவிட்டால் மறுபடியும் "எங்க நாயை எவன்டா தொட்டது" என்று பஞ்சாயத்து கூடும்.

சட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் வளர்ப்பவரே பொறுப்பு என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள். தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289.

அடுத்தது இனச் சண்டை. 23 இன நாய்களுக்குத் தடை கேட்டு 2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. அந்தச் சுற்றறிக்கையை ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் தாக்கி ஒருவர் இறந்தே போனார். "கெட்ட இனம் என்று ஒன்று இல்லை, கெட்ட வளர்ப்புதான் உண்டு" என்ற வசனத்தை நான் பாதிதான் ஏற்பேன். தாடை தாடைதான். இழுத்துப் பிடிக்கும் வலு இல்லாதவர் அதை வாங்கக் கூடாது. பெங்களூருக்கு வேலைக்குப் போன பையன்கள் ஊருக்கு அனுப்பிவைக்கும் ராட்வைலரைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அறுபது வயது அம்மா.

அந்த நாய் என்ன ஆகிறது? தகரக் கூரைக்குக் கீழே நாலடிச் சங்கிலி. ஏப்ரல் வெயிலிலும் அதே சங்கிலி. யாரும் தொட்டுப் பழகக் கூடாது, பழகினால் காவல் போய்விடுமாம். வீரம் வரட்டும் என்று சோற்றில் மிளகாய்த் தூள் கலப்பதாகப் பெருமையாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். வயிறு எரியும் நாய்க்குக் கோபம் வராமல் என்ன வரும்? பயந்த நாய் முதலில் ஓடப் பார்க்கும். கட்டிப்போட்ட நாய்க்கு அந்த வழி அடைபட்டுவிட்டது, மிச்சம் இருப்பது பல் மட்டும். அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஆய்வில், கடித்தவை சங்கிலியில் கிடந்தவையாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. கருத்தடை செய்யாததும் அதில் ஒரு காரணி. நம் ஊரிலும் 1960ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டம், நாயை எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாமல் இருப்பதைக் குற்றம் என்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. டீயும் ரெண்டு வடையும்!

"அப்ப அவுத்து உட்டுடலாமா?" என்று கேட்பார்கள். அதற்கு ஏன் போக வேண்டும்? இரண்டு கம்பம் நட்டு, நடுவே கம்பி இழுத்து, அதில் வளையத்தைக் கோத்துச் சங்கிலியை மாட்டினால் நாய் வாசல் நீளத்துக்கு ஓடும். ராத்திரி அவிழ்த்துவிட முள்வேலியும் ஒரு படலும் போதும். ஆட்டுப் பட்டிக்கு இதைச் செய்யத் தெரிந்தவர்கள்தானே நாம்?

கடித்த பிறகு நடப்பது இதைவிடக் கேவலம். காயத்தில் எருக்கம்பால், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி. செய்ய வேண்டியது குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவது. ஆட்டு மூளையில் தயாரித்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியாகக் குத்திய காலம் முடிந்து சுமார் இருபது வருடம் ஆகிறது. ஆனால் அந்தப் பயம் இன்னும் ஆட்களை வீட்டிலேயே உட்கார வைக்கிறது. இப்போது கையில்தான் ஊசி. கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். என் பெரியம்மாவைப் பக்கத்துக் கொட்டாய் நாய் கடித்தபோது அவர் இரண்டு நாள் போகவே இல்லை. "நம்ம மணிதானே, ஊசி போட்ட நாய்னு சொன்னாங்கடா." அட்டையைக் காட்டச் சொன்னேன், அட்டை இல்லை. உத்தரப் பிரதேசத்தின் புலந்த்சஹரில் 2025இல் ஒரு கபடி வீரர், தான் காப்பாற்றிய நாய்க்குட்டி லேசாகக் கடித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டு, சில மாதம் கழித்து வெறிநோயில் இறந்தார். அறிகுறி வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை.

தமிழனுக்கும் நாய்க்கும் உள்ள உறவைப் பெருமை பேசுகிறவர்கள் எங்களுக்குப் பக்கத்திலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைக் காட்டுவார்கள். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். கள்ளரைக் கடித்துக் காத்த நாய்க்கும் அந்தக் கல்லில் இடம் உண்டு, கோவிவன் என்று பெயர்கூட வெட்டியிருக்கிறது. நல்ல பெருமைதான். நம் மணிக்கும் டைகருக்கும் பெயர் இருக்கிறது, தடுப்பூசி அட்டையில்தான் இல்லை. வருடம் ஒரு ஊசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச் செலவுக்குள் முடிந்துவிடும்.

வெறிநோயால் இறக்கும் மனிதர்களில் 99 சதவீதம் பேருக்கு அது நாயிடமிருந்துதான் வருகிறது, 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டால் பரவும் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கொட்டாய் கொட்டாயாகப் போய் எப்படிப் போடுவது என்று மலைக்கத் தேவையில்லை, ஏற்கனவே போகிறார்கள். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசி மாட்டுக்கு வீடு தேடி வருகிறது. போன முறை எங்கள் வாசலுக்கு வந்தவரிடம், நாய்க்கும் சேர்த்துக் கொண்டுவரக் கூடாதா என்று கேட்டேன். "எங்களுக்கு மாட்டுக் கணக்குதான் குடுத்திருக்காங்க சார்" என்றார். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கொட்டாய்க்குக் கிளம்பினார், போகும் வழியில் ஒரு குச்சியை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.