நிறுத்தக் கூடாத மாத்திரை

கர்ப்பம் என்று உறுதியானதும் பல வீடுகளில் மாத்திரை டப்பா அலமாரிக்குள் போய்விடுகிறது. 'வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மருந்தாவது, மாத்திரையாவது' என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். பல மருந்துகளுக்கு அது நல்ல எச்சரிக்கைதான். ஆனால் தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தைராக்சின் சாப்பிடும் பெண் அதைக் கேட்டு நடந்தால் நஷ்டம் குழந்தைக்கு.

தைராக்சின் உடலுக்கு அந்நியமான பொருளல்ல. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியே தயாரிக்க வேண்டிய ஹார்மோன். கருவின் மூளை வளர்ச்சிக்கு இது அவசியம். கருவின் சொந்தச் சுரப்பி சுமார் 12 வாரத்தில்தான் வேலையைத் தொடங்குகிறது. அதுவரை தாயிடமிருந்து வருவதுதான் எல்லாம். தாய்க்கே பற்றாக்குறை என்றால் கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என ஆபத்துகள் கூடுகின்றன. கடுமையான குறைபாடு குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியது நேர்மாறானது. கர்ப்ப காலத்தில் பெரும்பாலோருக்கு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும். நாள் தள்ளிப்போனதுமே டாக்டரைப் பார்த்து டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. சேர்த்து விழுங்கினால் தைராக்சின் உடலில் சரியாகச் சேராது. சுரப்பு மிகுதிக்கு மருந்து சாப்பிடுபவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மருந்தையே மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்.

தாய்க்கு ஒரு கோளாறும் இல்லாதபோதும் சுரப்பி இல்லாமலோ, சரியாக உருவாகாமலோ சில குழந்தைகள் பிறக்கின்றன. இந்தியாவில் இது ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. தாயின் ஹார்மோன் கொஞ்சம் மிச்சமிருப்பதால் பிறந்தவுடன் வித்தியாசம் தெரியாது. பிறகு மஞ்சள் காமாலை நீடிக்கும், மலச்சிக்கல் வரும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருக்கும். 'தொந்தரவே தராத பிள்ளை' என்று வீடு பூரித்துப்போகும்.

பிறந்த 3 முதல் 5 நாட்களுக்குள் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் உண்மையைச் சொல்லிவிடும். மருந்து அதே தைராக்சின்தான்; பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து புகட்டலாம். 2 வாரத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளரும். மாதக்கணக்கில் தாமதமானால் இழந்த அறிவுத்திறனை முழுமையாக மீட்க முடியாது.

கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. ஆனால் நாடு முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் இது இன்னும் கிடைப்பதில்லை. பிரசவம் முடிந்து வீடு திரும்புமுன், 'குழந்தைக்குத் தைராய்டு பார்த்தாயிற்றா?' என்று குடும்பம்தான் கேட்க வேண்டும்.